வங்கத்தின் பசியை அளந்தவர்கள்

கல்கத்தா மொத்தச் சந்தையில் 1942 டிசம்பர் 11 அன்று ஒரு மணங்கு அரிசி 13, 14 ரூபாய்க்கு விற்றது. மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. மார்ச் மாதம் அது 21 ரூபாய் ஆயிற்று, மே மாதம் 30ஐத் தாண்டியது. 1943 ஆகஸ்ட் 20ஆம் தேதி விலை 37 ரூபாய். இரண்டு நாள் கழித்து, கல்கத்தாத் தெருக்களில் சுருண்டு கிடந்தவர்களின் படங்களை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை வெளியிட்டது.

பஞ்சம் வந்துவிட்டது என்பதைச் சந்தை விலை எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் வங்காளத்தில் எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு குறைந்தது, யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அரசிடம் நம்பத்தகுந்த பதில் இல்லை.

போர் அந்த மாகாணத்தை மூன்று பக்கமிருந்து நெருக்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. ஜப்பானியப் படை கடல்வழியே வந்தால் பயன்படக் கூடாது என்று, கடலோர மாவட்டங்களில் உபரி நெல்லை அப்புறப்படுத்தும் ஆணை வந்தது. அதே நோக்கில், பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளும் குறிவைக்கப்பட்டன. பதிவான 66,000க்கும் மேற்பட்ட படகுகளில் சுமார் 46,000 புழக்கத்திலிருந்து அகற்றப்பட்டன. கீழை வங்காளத்தில் படகுதான் வண்டி, படகுதான் பிழைப்பு. மீனவருக்கு வலை வீசும் இடம் போனது. குயவருக்கு மண் வரும் வழி அடைந்தது. ஆற்றுத் திட்டுகளில் நிலம் வைத்திருந்தவர் தம் வயலுக்கே போக முடியவில்லை. விளைச்சல் புள்ளிவிவரத்தில் இந்த இழப்புகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இவற்றோடு இயற்கையும் சேர்ந்துகொண்டது. 1942 அக்டோபர் 16 அன்று மிதினாப்பூர் கரையைத் தாக்கிய புயலும் கடல் பொங்கலும் சுமார் 14,500 மனிதர்களையும் 1,90,000 கால்நடைகளையும் கொன்றன. அந்த ஆண்டின் முக்கியப் போகமான ஆமன் நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் பற்றியது. தாவர நோயியலாளர் எஸ்.ஒய். பத்மநாபன் வங்காளத்தில் பணிக்குச் சேர்ந்தது 1943 இலையுதிர் காலத்தில். பின்னாளில், 1973இல், பாங்குரா, சின்சுரா ஆராய்ச்சிப் பண்ணைகளின் பதிவேடுகளை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றின்படி, 1941ஐவிட 1942இல் பல ரகங்களின் மகசூல் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது.

மாகாணம் முழுவதற்குமான கணக்கு எப்படித் தயாரானது என்பதுதான் வேதனை. சென்னை மாகாணத்தில், உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிக் கிராமங்களில் கர்ணம் இருந்தார். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று போகந்தோறும் அடங்கலில் எழுதுவது அவர் வேலை. வங்காளத்தில் 1793 முதல் ஜமீன்தாரி நிலையான வரி ஏற்பாடு. ஜமீன்தார் கட்டும் தொகை மாறப்போவதில்லை என்றால், வயல்வாரியாகக் கணக்கெழுத ஆள் எதற்கு? ஆகவே ஊர்க்காவலரான சௌகிதார் சொல்வதை வைத்துப் பரப்பளவு தீர்மானமானது. இயல்பான விளைச்சலைப் பதினாறு அணா என்று வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு பத்தணாவா பன்னிரண்டணாவா என்று கண்பார்வையில் ஒரு மதிப்புப் போடுவார்கள். பரப்பையும் இயல்பான விளைச்சலையும் இந்த அணா விகிதத்தையும் பெருக்கி வந்த தொகைதான் அரசாங்கத்தின் விளைச்சல் கணக்கு. ஆறு கோடிப் பேரின் சோறு அந்தத் தாளில் இருந்தது.

பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945இல் அறிக்கை தந்தபோது, பற்றாக்குறை ஏறக்குறைய மூன்று வாரத் தேவைக்குச் சமம் என்றது. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் அதே எண்களை மறுபடி அடுக்கிப் பார்த்தார். 1943இல் கிடைத்த அரிசி முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமே வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம் என்றார். போர்ச் செலவு பணத்தைக் கொட்டி விலையை ஏற்ற, நிலமற்ற கூலியாளும் மீனவரும் நாவிதரும் தம் உழைப்புக்கு வாங்கக்கூடிய அரிசி சுருங்கியது என்பது அவர் வாதம். நோய்த் தாக்குதலை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று மறுப்பவர்களும் உண்டு. அணாக் கணக்கின் மீது எழுந்த விவாதம் என்பதால், அது எளிதில் தீரப்போவதில்லை.

இதைவிடத் தெளிவான அளவீடு ஒன்று பஞ்சத்தின் சூடு ஆறுமுன்பே நடந்தது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்திவந்த பி.சி. மகலனோபிஸ், 1937 முதல் சணல் பயிரை மாதிரி முறையில் அளந்து பழகியவர். எல்லா வயலையும் பார்க்க முடியாது. குலுக்கல் முறையில் சில இடங்களைத் தேர்ந்து அவற்றை ஒழுங்காக அளந்தால், முழுமைக்குமான மதிப்பும் கிடைக்கும், அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதும் தெரியும். 1944-45இல் அவருடைய குழு அதே முறையில் கிராமங்களைத் தேர்ந்து, வீடு வீடாகச் சென்றது. எத்தனை மணங்கு விளைந்தது என்பதோடு நிற்காமல், பஞ்சத்துக்கு முன் உங்களிடம் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டது.

கிடைத்த விடை கமிஷனின் மூன்று வாரத்தைவிடப் பல மடங்கு கனமானது. நெல் நிலம் வைத்திருந்த சுமார் 65 லட்சம் குடும்பங்களில், 1943 ஏப்ரல் தொடங்கி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 16 லட்சம் குடும்பங்கள் நிலத்தை விற்றிருந்தன அல்லது அடகு வைத்திருந்தன. நாலில் ஒரு குடும்பம். அவற்றில் சுமார் 2,60,000 குடும்பங்களிடம் ஒரு துண்டு நெல் நிலமும் மிஞ்சவில்லை. நேற்றுவரை உழவர், இன்று கூலியாள். ஏர்மாடு விற்றவருக்கு அடுத்த பருவத்தில் நிலம் இருந்தும் உழ வழியில்லை. விளைச்சல் மீண்டுவிட்டது என்று அரசு எழுதும்போதும், அந்தக் குடும்பத்துக்குப் பஞ்சம் தொடர்ந்தது.

1943 டிசம்பரில் ஆமன் அமோகமாக விளைந்தது. சாவு உச்சத்தைத் தொட்டதும் அதே டிசம்பரில்தான். பட்டினியில் நொந்த உடல்களை மலேரியாவும் காலராவும் பெரியம்மையும் கொண்டுபோயின.

அந்தச் சாவுகளைப் பதிய வேண்டியவரும் அதே சௌகிதார்தான். சம்பளம் கிடைக்காமல் சிலர் விமான தள வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் பஞ்சத்திலேயே இறந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் வர வாரங்கள், மாதங்கள் ஆயின. அதுவரை அந்த ஊரில் யார் இறந்தாலும் ஏடு வெறுமையாகவே இருந்தது. 1943லும் 1944இன் முதல் பாதியிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பதிவான சாவுகள் சுமார் 11 லட்சம். விடுபட்டவற்றைக் கருதிக் கமிஷன் அதை 15 லட்சமாக உயர்த்தியது. நோய்ச் சாவுகள் 1946 வரை வழக்கத்துக்கு மேலேயே நின்றதைச் சேர்த்து எண்ணிய சென்னின் கணக்கு 27 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் இடையில் வந்தது.