கவ்வாத்துக் கத்தியும் குடியுரிமையும்

பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்போர் அலகின் அடியில் உள்ள முத்திரையையே முதலில் நோக்குவர். ஜெர்மானியக் கத்திகள் ஷெபீல்டு என்னும் பொய்ப்பெயரோடு விற்கப்பட்டதைத் தடுக்கவும் 1887இல் பிரிட்டனில் வணிகக்குறிச் சட்டம் இயற்றப்பட்டது. சரக்கின் பிறப்பிடத்தைக் காப்பதில் முதலாளிகளுக்கு அத்தனை அக்கறை!

மலைநாட்டின் கதை வேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தியால் செடியை வெட்டித் துளிர்க்கச் செய்தவன் தமிழ்த் தொழிலாளி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயங்களில் பிறந்த பலரிடம் பதிவுச்சீட்டு ஏது? நாடற்றவர் என்னும் அவப்பெயர் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

முத்திரையைத் துடைத்துப் படிப்போர், கத்தியின் பிடியைத் தேய்த்த கைகளின் வரலாற்றையும் படிக்கட்டும்.