இரு காவல் பூண்ட இல்லம்

வேற்று நாட்டாரும் வேற்றுச் சமயத்தாரும் மணந்துகொண்டு ஒரே கூரையின்கீழ் வாழத் தலைப்படும்போது முதற் பிணக்கு எதன்பொருட்டு எழுகின்றது? உணவின்பொருட்டு என்பர் சிலர். வழிபாட்டின்பொருட்டு என்பர் வேறு சிலர். வீட்டு வாயிலின்பொருட்டே எழுகின்றது என்பது என் எண்ணம். கதவை எப்பொழுது சாத்துவது, யாருக்குத் திறப்பது, யாரை அயலார் என்று கொள்வது, இரவில் திறவுகோல் யார் கையில் இருப்பது என்பனவற்றை ஒவ்வொரு சமூகமும் தன் மக்களுக்குச் சொல்லாமலே கற்பித்துவிடுகின்றது. சொல்லாமல் கற்பிக்கப்பட்ட ஒன்றைப் பிறருக்கு விளக்கிச் சொல்வது எளிதன்று. மேலும், ஒருவர் அஞ்சும் பொருளை மற்றவர் அஞ்சுவதில்லை. ஆகவே ஒருவர் பூட்டுகின்ற பூட்டு மற்றவர்க்கு நகைப்பைத் தரும்; சில வேளைகளில் அவமதிப்பாகவும் படும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத்து நகரத்தில் இருந்த ஒரு வீட்டை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றேன். அவ்வீட்டின் தலைவர் 1764ஆம் ஆண்டில் நம் சென்னைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். அவருடைய மக்கள் இருவரும் கப்பலேறியதும் இதே சென்னைக் கடற்கரையிலேதான். ஜேம்ஸ் அக்கில்லிஸ் கிர்க்பாட்ரிக் என்பது அவர் பெயர். நிஜாம் அலிகானின் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக 1798 முதல் 1805 வரை விளங்கியவர். 1798 அக்டோபரில், நிஜாமிடம் ஊழியம் பார்த்த பிரெஞ்சுத் தலைவர்களின் கீழிருந்த ஏறத்தாழ 14,000 வீரர்களின் ஆயுதங்கள் பெரும்போர் இன்றிப் பறிக்கப்பட்டபோது அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தின் நிபந்தனைகளைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எண்ணிட்டு எழுதியவன் நான். அந்த நிபந்தனைகளை அரசர்களிடம் கொண்டுசென்று கையொப்பம் வாங்கியவர்களும் மாலையில் ஒரு வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

கிர்க்பாட்ரிக் மணந்த பெண்ணின் பெயர் கைர் உன்னிசா. நபிகள் நாயகத்தின் வழி வந்தோராகிய சையதுக் குடும்பத்துச் செல்வி. அவருடைய பாட்டனார் பாக்கர் அலிகான், நிஜாமின் சார்பில் கம்பெனியின் துணைப்படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பதவியில் இருந்தவர். நிஜாமின் அரசவையில் செல்வாக்கு மிக்கிருந்த மீர் ஆலமும் இக்குடும்பத்துக்கு உறவினரே. 1800ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, கிர்க்பாட்ரிக் இஸ்லாமிய சமயத்தைத் தழுவி அச்சமய முறைப்படி அப்பெண்ணை மணந்தார். மணம் ஊரறிய நடைபெறவில்லை. 1801 மார்ச்சில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 1802 ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

இனி வாயிலுக்கு வருவோம். உயர்குடி முஸ்லிம் பெண்டிர்க்கு அக்காலத்தில் இல்லக்காவல் என்பது கோஷாவே. அவர்கள் அஞ்சியது திருடனைவிட அயலானின் பார்வையை. பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். குலப்பெண்ணை அயலான் கண்டான் என்ற சொல் பிறந்தால் அக்குடும்பத்தின் மானத்தை மீட்பது அரிது. ஆதலின் மதில் உயர்ந்திருக்கும். வெளிப்புறம் நோக்கிய சாளரம் இராது. காற்றும் ஒளியும் உள்முற்றத்தின் வழியாகவே வரும். வெளிவாயிலில் ஆண் காவலர் நிற்பர். அவர்கள் உள்ளே அடியெடுத்து வைத்தல் ஆகாது. நிஜாம் அலிகானின் அரண்மனை அந்தப்புரத்தைக் காக்கத் துப்பாக்கி ஏந்திய பெண் பட்டாளமே இருந்தது. 1795ஆம் ஆண்டில் மராட்டியரோடு நிகழ்ந்த கர்தாப் போருக்கும் அப்பட்டாளம் சென்றிருந்தது என்று சொன்னால், அக்காவலை வெறும் அலங்காரம் என்று எவரும் எண்ணமாட்டார்கள்.

ஆங்கிலேயரின் காவல் வேறு வகையானது. கம்பெனியின் பிரதிநிதி தன் மாளிகையை ஊர் காணும்படி கட்ட வேண்டும். உயர்ந்த தூண்களும் அகன்ற படிக்கட்டும் கம்பெனியின் வலிமையைக் காட்ட வேண்டும். வாயிலில் சிப்பாய்கள் பாரா நிற்பர். அவர்கள் அஞ்சியது கலகத்தையும் சதியையும், எல்லாவற்றுக்கும் மேலாக இரகசியம் வெளியேறுவதையும். பார்வைக்கு அவர்கள் அஞ்சவில்லை, பார்க்கப்படவே விரும்பினார்கள்.

முற்றிலும் மாறுபட்ட இவ்விரு காவல்களையும் கிர்க்பாட்ரிக் ஒரே வளாகத்தில் அமைக்க முற்பட்டார். மதில் சூழ்ந்த நகரத்துக்கு வெளியே, மூசி ஆற்றின் மறு கரையில், 1803ஆம் ஆண்டில் புதிய ரெசிடென்ஸி மாளிகையின் வேலை தொடங்கிற்று. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல் கட்டடத்தை வகுத்தார், செலவு நிஜாமுடையது. இதற்கு இடம் கேட்ட வரலாறு சுவையானது. ஜான் மால்கம் சொல்லியதாக அது வழங்குகின்றது. வேண்டிய நிலத்தைப் பெரியதொரு தாளில் வரைந்து கிர்க்பாட்ரிக் அனுப்பினாராம்; நிஜாம் மறுத்துவிட்டார். காரணம் விசாரித்தால், தம் நாட்டின் படமே அத்தனை பெரிதாக இல்லையே என்று நிஜாம் எண்ணியதாகத் தெரிந்தது. அதே நிலத்தைச் சிறு அட்டை ஒன்றில் வரைந்து அனுப்பியதும் அனுமதி கிடைத்ததாம். உண்மையோ புனைவோ, படத்தின் அளவைச் சொல்லித்தராத பூகோள ஆசிரியர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

முன்புறம் தூண்கள் நிமிர்ந்த மேனாட்டு மாளிகை. பின்புறம் தனி மதிலும் தோட்டமும் கொண்ட ரங்க மகால் என்னும் அந்தப்புரம். ஒரே குடும்பத்தின் வீடாக இருந்தும் முன்கட்டு ஒரு நாடாகவும் பின்கட்டு ஒரு நாடாகவும் விளங்கின. கணவர் ஐதராபாத்து உடை உடுத்து இரண்டு நாடுகளுக்கும் இடையே நடமாடினார். மனைவி முன்கட்டுக்கு வருதல் இயலாது. தம் கணவர் கட்டும் மாளிகையின் முகப்பை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக, அம்மாளிகையின் சிறிய உருவம் ஒன்றைச் சுண்ணமும் கல்லும் கொண்டு அந்தப்புரத் தோட்டத்தில் அமைத்தார்கள் என்பது நெடுநாளாக வழங்கும் செய்தி. அச்சிற்றுருவம் இன்றும் இருக்கிறது. சிதைந்து கிடந்ததை அண்மைக் காலத்தில் செப்பனிட்டிருக்கிறார்கள். மனைவியை முன்வாயிலுக்கு அழைத்து வந்து, இது என் நாட்டு வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் வீட்டையே சிறிதாக்கி அவரிடம் கொண்டுசென்ற அம்மனிதரின் பண்பை நான் மதிக்கின்றேன்.

கோஷாவின் மதில் ஒரு சிறைச்சுவர் என்றே நம்மில் பலர் கருதுகின்றோம். ஆனால் இத்திருமணத்தின் வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது. பாட்டனார் வேறொரு பிரபுவின் வீட்டில் பேத்திக்குச் சம்பந்தம் பேசியிருந்தார். ஆங்கிலேயரின் பக்கம் அந்த மதிலில் ஒரு திட்டிவாசலைத் திறந்துவிட்டவர்கள் தாயார் ஷரப் உன்னிசாவும் மற்றப் பெண்டிருமே. வெளிவாயிலில் வாளேந்தி நின்றவர்களுக்கு உள்ளே நிகழ்ந்தது தெரியவில்லை. அயலாரைத் தடுப்பதற்காக எழுப்பிய மதில், வீட்டு ஆடவரின் கண்ணையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

கம்பெனியாரின் கவலை இதனினும் பெரிது. ரெசிடெண்டின் மனைவி அரசவைப் பிரபுக்களின் உறவினர் என்றால், மேசைமேல் கிடக்கும் கடிதங்களின் செய்தி எங்கே போய்ச் சேரும்? முன்வாயிலில் எத்தனை சிப்பாய்கள் பாரா நின்றாலும் பின்கட்டில் யார் வந்தார், யார் போனார் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அங்கே ஆங்கிலேயரின் கண்ணுக்கு இடமே இல்லை. வெல்லெஸ்லி பிரபு விசாரணைக்கு ஆணையிட்டார். 1801ஆம் ஆண்டில், பிளாசிக் கிளைவின் மைந்தரும் அப்போது சென்னை ஆளுநராக இருந்தவருமான கிளைவ் பிரபு, ஹைதராபாத்தில் இருந்து வந்த படைத்தலைவர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்கி, ஒரு குடும்பத்தின் உள்வீட்டுச் செய்திகளைக் கேட்டுப் பதிவு செய்தார். பெண்ணின் பக்கத்தாரை வற்புறுத்தித் திருமணம் நடந்ததாக நிலைநாட்ட முடியவில்லை. கிர்க்பாட்ரிக் பதவியில் தொடர்ந்தார்.

குழந்தைகளைப் பற்றிய கவலையில்தான் இரு காவல்களும் நேருக்கு நேர் மோதின. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்க்கலாகாது என்ற விதி 1791ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இங்கே நோய்க்கும் குறைவில்லை. தந்தையின் கணக்கில், மக்கள் பாதுகாப்பாக வளர வேண்டிய இடம் இங்கிலாந்து. தாயின் கணக்கில் மதிலுக்கு உள்ளே இருக்கும் முற்றத்தைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை. கடலோ, அயலாருள் எல்லாம் பெரிய அயலான். இருவரும் மக்களைக் காக்கவே எண்ணினார்கள். தந்தையின் எண்ணமே நிறைவேறியது. 1805ஆம் ஆண்டில் நான்கு வயதுச் சிறுவனும் மூன்று வயதுச் சிறுமியும் சென்னைக்கு வந்தார்கள். ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியர் அவர்கள் இருவரையும் ஐதராபாத்து உடையிலேயே சென்னையில் படம் எழுதினார். அந்த ஓவியம் தாயிடம் போய்ச் சேர்ந்தது; மக்கள் செப்டம்பரில் கப்பலேறினார்கள். அங்கே அவர்களுக்கு ஞானஸ்நானம் அளித்து வில்லியம், காதரின் என்று பெயரிட்டார்கள்.

கிர்க்பாட்ரிக் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அங்கே இறந்துபோனார். தாம் எழுப்பிய மாளிகை முற்றுப்பெற்றதை அவர் காணவில்லை. கைர் உன்னிசாவுக்கு அதன்பின் எந்த மதிலும் துணையாகவில்லை. கல்கத்தாவுக்குச் சென்றார், ஆதரிப்பதாக முன்வந்த ஓர் ஆங்கில அதிகாரி பின்னர்க் கைவிட்டார். நிஜாமின் முதலமைச்சராகியிருந்த மீர் ஆலம் அவரை ஹைதராபாத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்துவிடவே, மசூலிப்பட்டினத்தில் தங்க நேர்ந்தது. மீர் ஆலம் மறைந்த பிறகே ஊர் திரும்பினார். 1813ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன் காலமானார்.

கம்பெனியார் அஞ்சிய கலகம் 1857 ஜூலை 17ஆம் நாள் உண்மையாகவே ரெசிடென்ஸியின் வாயிலுக்கு வந்தது. துர்ரேபாஸ்கானின் தலைமையில் வந்த கூட்டத்தைப் பீரங்கி கொண்டு விரட்டினார்கள். பின்னர் மாளிகையைச் சுற்றி வலிய மதில்களும் கொத்தளங்களும் எழும்பின. 1860ஐ ஒட்டி ரங்க மகாலை இடித்துவிட்டார்கள். அதன் வாயில் மட்டும் எஞ்சி நிற்கிறது. முன்புறத்து மாளிகை 1949 முதல் பெண்கள் பயிலும் கல்விக்கூடமாயிற்று.

இடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பாக அந்த அந்தப்புரத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் காதரின், எழுதிய ஆண்டு 1841. பெயர்த்தியிடமிருந்து பாட்டியார் ஷரப் உன்னிசாவுக்கு, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த முதற் கடிதம் அது. தாய் தன் கூந்தலைப் பிய்த்துக்கொண்டு கதறிய இடம் இன்னும் தன் கண்முன் நிற்பதாக அப்பெண்மணி எழுதினார். வேறு சிலவும் நினைவில் இருந்தன: தையற்காரர் உட்கார்ந்து தைத்த தாழ்வாரம், மாடியில் தாய் தன்னைச் சறுக்கி விளையாட விட்ட ஓர் இடம். மதிலைப் பற்றியோ காவலரைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் நினைவில்லை போலும். பாட்டியாரின் மறுமொழி பாரசீக மொழியில் எழுதப்பட்டு, ரெசிடென்ஸி அதிகாரி ஒருவரின் மொழிபெயர்ப்போடு இங்கிலாந்துக்குச் சென்றது. கைர் உன்னிசாவின் தலைமயிர் இழை சிலவற்றையும் உடன் அனுப்பியிருந்தார். இவ்வாறு ஆறு ஆண்டுகள் கடிதங்கள் கடலைக் கடந்துகொண்டிருந்தன. 1847ஆம் ஆண்டில் ஷரப் உன்னிசா இறந்தார். பாட்டியும் பெயர்த்தியும் மறுபடி ஒருவரையொருவர் காணவேயில்லை.