நூற்றிரண்டாம் எண்ணின் வழக்கு

ஆசிரியப் பணியில் விடைத்தாள் திருத்துகையில் எனக்கொரு சங்கடம் அடிக்கடி நேர்ந்ததுண்டு. மாணவன் சரியான விடையை எழுதி, பின்பு ஐயுற்று, அதைத் தானே அடித்திருப்பான். அடித்த விடைக்கு மதிப்பெண் இல்லை என்பது விதி. வானநூல் வரலாற்றிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. அது இன்றளவும் ஒருமுகமாகத் தீரவில்லை.

பாரிஸ் நகரத்து வானியலறிஞர் சார்ல் மெசியே வால்மீன் தேடுவதில் பேரார்வம் உடையவர். வால்மீனோ என மயங்கவைக்கும் மங்கலான ஒளித்திட்டுகளை அவர் பட்டியலாகத் தொகுத்தார். 1781இல் அதன் இறுதிப் பதிப்பு அச்சேறும் தறுவாயில், நண்பர் பியேர் மெஷேன் மேலும் சிலவற்றைத் தெரிவித்தார். தாமே சரிபார்க்க அவகாசமின்றி, மெசியே அவற்றை 101, 102, 103 என்று சேர்த்துவிட்டார். அவசரம் பொல்லாதது!

ஈராண்டு கழிந்து, 1783 மே மாதத்தில், மெஷேன் பெர்லினிலிருந்த பெர்னூலி என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். விண்வரைபடப் பிழையால் ஒன்றே இரண்டாகப் பதிந்துவிட்டது. 102 என்பது 101தான் என்பது அதன் சாரம். கடிதம் அச்சில் வந்தும் மறக்கப்பட்டது. கனடாவில் பணியாற்றிய ஹெலன் சாயர் ஹாக் அம்மையார் 1947இல் அதை மீண்டும் எடுத்துக்காட்டினார்.

பட்டியலின் குறிப்போ வேறு கதை சொல்லுகிறது. பூட்டீஸ் கூட்டத்து ஓமிக்ரான் விண்மீனுக்கும் டிராகோ கூட்டத்து அயோட்டாவுக்கும் இடையே என்று அதில் இருக்கிறது. இவ்விரண்டும் வெகுவாக விலகியவை. அப்படி எவரும் இடம் சுட்டார். ஆனால் கிரேக்க எழுத்தில் ஓமிக்ரான் வெறும் வட்டம். தீட்டா நடுவே கோடிட்ட வட்டம். அக்கோடு விடுபட்டதெனக் கொண்டு, தீட்டாவுக்கும் அயோட்டாவுக்கும் இடையே நோக்கினால், அங்கே மெய்யாகவே ஓர் ஒளித்திட்டு இருக்கிறது! 1788இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டு பதிந்த அதற்கு இன்று என்.ஜி.சி. 5866 என்று பெயர்.

அது ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனி அண்டம். சுருள் கரங்கள் இல்லை. கண்ணாடி வில்லைபோல் நடு புடைத்து விளிம்பு மெலிந்திருப்பதால் வில்லை வடிவ அண்டம் என்கிறோம். புதிய விண்மீன்கள் பிறப்பது இவ்வகையில் மிகக் குறைவு. விளிம்பை நமக்குக் காட்டி நிற்பதால், அதன் தூசுப் பட்டை கரிய கோடாகத் தெரிகிறது. 5879, 5907 என்னும் இரு சுருள் அண்டங்களும் அதனுடன் சேர்ந்து ஒரு சிறு குழு.

விண்வரைபடங்கள் பலவும் இன்று 5866க்கே 102ஆம் எண்ணைத் தருகின்றன. நானோ, கண்டவர் கைப்பட மறுத்ததைத் தள்ள மனமில்லாதவன். என் பழைய தொழில் அப்படி. எனினும் அந்தத் தீட்டா என்னை உறுத்துகிறது. வைகாசி இரவில், சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனிக்கு வடகிழக்கே, சிறு தொலைநோக்கி கொண்டு நீங்களே பாருங்கள்.