உருக்கி வைத்த வெண்ணெய்

பாலாக ஒரு பொழுது, தயிராக ஒரு நாள், வெண்ணெயாகச் சில நாள். நெய்யாகிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து வெயிலில் எங்கள் பெண்கள் பாலைக் காப்பாற்றிய வழி இதுதான். நெய்யை விருந்துப் பண்டமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வரலாறு பிடிபடாது.

ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. திருப்பாவையில் நோன்பு தொடங்கும்போதே நெய்யை விலக்கிவிடுகிறாள். 27ஆம் பாசுரத்தில்தான் முழங்கை வழியே நெய் வழிய வழியப் பால்சோறு வருகிறது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு அவள் நேர்ந்துகொண்டதோ நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரஅடிசில். அதைப் பின்னாளில் ராமாநுஜர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. சாமிக்கு அன்று கடைந்த வெண்ணெய், வீட்டுக்கு உருக்கி வைத்த நெய் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கோவில் விளக்குக்கும் நெய்தான். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய், அதாவது கால் படி, அளக்க வேண்டும். நாள் தவறாமல் உழக்கு நெய் சேர எத்தனை கைகள் மத்துக் கயிறு இழுத்திருக்கும்!

புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் திருவண்ணாமலை போவோம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலை, சீனிவாசப் பெருமாள் கோவில், எங்களுக்கு அதுதான் தென்திருப்பதி. அதற்கு முந்தின நாள் அப்பத்தா நெய் காய்ச்சுவாள். கடையில் விற்கும் வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும், வீட்டு வெண்ணெயில் இன்னும் கூடுதல். அது போகிற வரைக்கும் சட்டியில் சடசடப்பு. அப்பத்தா கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் கேட்பாள். சத்தம் அடங்கி, நுரை தணிந்து, அடியில் கசண்டு பொன்னிறமாகும் நேரத்தில் ஒரு கை முருங்கை இலையும் இரண்டு கல் உப்பும் போடுவாள். இலை மொறுமொறுப்பானதும் சட்டி கீழே இறங்கிவிடும். சில வீடுகளில் வெற்றிலை, சில வீடுகளில் கறிவேப்பிலை. மணம் ஒரு பக்கம் இருக்க, இலையிலுள்ள சத்துகள் கொழுப்பில் சிக்கு வாடை ஏறுவதையும் தள்ளிப்போடும். ஜாடிக்குள் ஈரக்கரண்டி போட்டவர்களை அப்பத்தா மன்னித்ததே இல்லை.

போலந்தில் பன்றிக்கொழுப்பை வெங்காயமும் மூலிகையும் சேர்த்து உருக்கி ஜாடியில் உறைய விடுவதும் இதே அறிவுதான். நம் பெரும்பாணாற்றுப்படையிலும் குழியில் அடைத்து மாவு கொடுத்துக் கொழுக்க வைத்த ஆண்பன்றி வருகிறது. ஆனால் நம்மூரில் உருக்கி வைத்த கொழுப்பு என்றால் அது நெய்தான்.

1937இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கி, நெய்யைப் போல மணல் மணலாக இருக்கும்படி செய்த சரக்கு. விலை மலிவு. ஆனால் எங்கள் வீட்டில் மத்தை ஓரங்கட்டியது டால்டா அல்ல, பால் விற்பனை. காலையும் மாலையும் பாலை ஊற்றிவிட்டால் உறைய வைக்க என்ன மிஞ்சும்? பால் காசில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பாலையும் சீனியையும் சுண்டக் காய்ச்சிய பால்கோவாவால் ஊருக்குப் பேர் வந்தது, 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெய்க்கு அப்படி எதுவும் வேண்டாம். சத்தம் கேட்டுச் சட்டி இறக்கத் தெரிந்த கிழவி இன்னும் தெருவுக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். அவளிடம் உட்கார்ந்து பக்குவத்தை எழுதி வாங்குங்கள், இந்தப் புரட்டாசிக்குள்ளேயே.