கன்ட்ரோல், ஆல்ட், டெலீட்: மூன்று விசைகளின் வரலாறு

ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோன் நகரில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த காலம். சோதனை இயந்திரங்கள் அடிக்கடி உறைந்துபோயின. அணைத்துப் போட்டால் நினைவகம் முழுவதையும் மறுபடி சோதித்த பிறகே எழும். நேரம் அதிலேயே கழிந்தது. டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் இதற்கொரு குறுக்குவழி எழுதினார். முதலில் எடுத்துக்கொண்ட விசைகள் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடப்பக்கமே இருந்ததால் தவறுதலாகக் கைபட்டுவிடும் என்று எஸ்கேப்பை விட்டு, வலப்பக்கத்து டெலீட்டைச் சேர்த்தார்கள். 1981 ஆகஸ்டில் கணினியோடு அதுவும் சந்தைக்கு வந்தது.

உறைந்த கணினி இந்த மூன்றுக்கு மட்டும் எப்படி அசைந்தது? விசையைத் தொட்டதும் செயலிக்கு ஒரு குறுக்கீடு போகிறது. செயலி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கணினியோடு வரும் அடிப்படை நிரல்தொகுப்பான பயாஸில் உள்ள விசைப்பலகை நிரலுக்குத் தாவுகிறது. அந்த நிரல் பார்த்து அனுப்பியதுதான் மற்ற மென்பொருள்களுக்குக் கிடைக்கும். மூன்று விசைகளும் சேர்ந்து வந்தால் யாருக்கும் தராமல் கணினியையே மீண்டும் தொடங்கிவிடும்.

ஆனால் அந்த நிரலின் முகவரி, எந்த மென்பொருளும் மாற்றக்கூடிய ஓர் அட்டவணையில் இருந்தது. 1984-இல் வந்த, போர்லாண்ட் நிறுவனத்தின் சைட்கிக் என்ற மென்பொருள் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. விசைகளைத் தானே முதலில் வாங்கிப் பார்த்து, கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் மேலேயே குறிப்பேட்டையும் கால்குலேட்டரையும் திறந்தது. பயனுள்ள வித்தைதான். தமிழ் எழுத உதவிய இ-கலப்பையும் பின்னாளில் விண்டோஸில் இப்படி இடையில் நின்றுதான் ஆங்கில விசைகளைத் தமிழாக்கித் தந்தது.

கெட்ட எண்ணம் உள்ளவருக்கும் அதே வழி திறந்திருந்தது. நிஜம் போலவே ஒரு போலி நுழைவுத் திரையைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கலாம்.

1993-இல் வெளியான விண்டோஸ் என்டி இதற்குப் பூட்டுப் போட்டது. இந்த மூன்று விசைகளை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். சாதாரண மென்பொருள் எதற்கும் அவை போய்ச் சேரா. மறுதொடக்கத்துக்கென்று பெயர்பெற்ற விசைகள் என்பதால் வேறெந்த மென்பொருளும் அவற்றைத் தனக்கென வைத்திருக்கவில்லை. தனியாக ஒரே பொத்தான் வைத்திருக்க வேண்டும், மூன்று விசைகளை வைத்தது பிழை என்று 2013-இல் ஹார்வர்டில் பில் கேட்ஸ் சொன்னார். வசதியை நினைத்தால் அவர் சொன்னது சரி. பாதுகாப்பை நினைத்தால் அதைப் பிழை என்று ஒதுக்க முடியாது.

அலுவலக விண்டோஸ் கணினியில் கடவுச்சொல் கேட்கும் திரைமேல் ஐயம் எழுந்தால், தட்டச்சு செய்வதற்கு முன் இந்த மூன்றையும் அழுத்துங்கள். இயங்குதளத்தின் சொந்தத் திரை முன்னே வரும்.