பாரக்கருக்களின் மோதுகை: ஓர் ஆராய்ச்சி வரலாறு

பொருளொன்றை மேன்மேலும் வெப்பமாக்கினால் அதன் நிலை முடிவில் யாதாகும் என்பது பௌதிக விஞ்ஞானிகளின் சிந்தனையை நெடுங்காலம் ஈர்த்த வினாவாகும். பனிக்கட்டி நீராகின்றது, நீர் ஆவியாகின்றது, பின்னர் அணுக்கள் இலத்திரன்களை இழக்கின்றன, ஈற்றில் கருக்களும் புரோத்தன்களாகவும் நியூத்திரன்களாகவும் பிரிகின்றன. அதற்கப்பால் நிகழ்வது யாது? ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ஹாகெடோர்ண் என்பவர் 1965ஆம் ஆண்டில் வியத்தகு விடையொன்றைக் கூறினார். ஏறத்தாழ 2 இலட்சம் கோடி பாகைக்கு மேல் பொருளை வெப்பமாக்கல் இயலாது. மேலும் ஊட்டப்படும் சத்தி புதிய துணிக்கைகளைத் தோற்றுவிப்பதிலேயே செலவாகும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை பத்தாண்டுகளுள் வேறு பொருள் பெற்றது. புரோத்தனும் நியூத்திரனும் குவார்க்குகளால் ஆனவை. அவற்றைப் பிணைப்பவை குளுவோன்கள். குவார்க்குகள் மிக நெருங்குமிடத்து அவற்றிடையேயுள்ள விசை தளர்கின்றது என்பதைக் குரொஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் 1973இல் நிறுவினர். ஹாகெடோர்ண் கண்ட எல்லை வெப்பத்தின் முடிவன்று, குவார்க்குகள் தளையினின்று விடுபடும் வாயிலே என்பதைக் கபிபோ, பரிசி என்னும் இத்தாலிய அறிஞர் 1975இல் எடுத்துக்காட்டினர். இந்நிலைக்கு ஷுரியாக் என்னும் உருசிய அறிஞர் 1978இல் ‘பிளாஸ்மா’ எனப் பெயரிட்டார். துணிக்கைகள் ஒன்றையொன்று பெரிதும் தாக்காது திரியும் ஒரு வாயுவாகவே அஃது அமையும் எனப் பலரும் எதிர்பார்த்தனர்.

அந்நிலையை ஆக்குவதற்குரிய வழி பாரமான கருக்களை மோதவிடுவதே. இரு புரோத்தன்கள் மோதுமிடத்துச் சத்தி சில துணிக்கைகளோடு சிதறிவிடும். பொற்கருவிலோ 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் உள. இத்தகைய இரண்டு மோதினால், மிகச் சிறியதாயினும் வெப்பநிலை என்னும் சொல்லுக்குப் பொருள் தரத்தக்க ஒரு திரள் உண்டாகும். கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரில் 1974 முதல் இத்துறை வளர்ந்தது. சேர்ண் நிலையத்தில் 1986இல் ஒட்சிசன் கருக்களும் 1994இல் ஈயக் கருக்களும் ஆர்முடுக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு பெப்ருவரியில் அந்நிலையத்தார் பொருளின் புதுநிலைக்குச் சான்று கிடைத்ததென அறிவித்தனர். ஆயினும் சான்றுகள் மறைமுகமானவை என ஐயுற்றோர் பலர். திரளின் ஆயுள் ஒரு செக்கனின் நினைத்தற்கரிய சிறு கூறேயாதலின், அதன் சிதறல்களைக் கொண்டே யாவற்றையும் ஊகிக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு யூன் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 3.8 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்திற் பொற்கருக்கள் எதிரெதிராக மோதின. நடுவிலகி மோதும் கருக்கள் பொருந்துமிடம் வாதுமைப் பருப்பின் வடிவினதாகும். அங்கு உண்டாவது வாயுவாயின் துணிக்கைகள் எத்திசையிலும் ஏறக்குறையச் சமமாகப் பறத்தல் வேண்டும். திரவமாயின், அமுக்கம் விரைந்து குறையும் ஒடுங்கிய பக்கமாக அவை மிகுதியாக வெளிப்படும். கண்டது பின்னையதே. அன்றியும், விரைந்து செல்லும் துணிக்கைகளுட் பெரும்பகுதி திரளினுள் சத்தியிழந்து தேய்ந்தன.

இத்தேய்வு பொற்கருவின் இயல்பாலேயே விளைந்திருத்தலும் கூடுமன்றோ? இவ்வையத்தைப் போக்குவதற்கு 2003இல் பார ஐதரசனின் சிறு கருவைப் பொற்கருவோடு மோதவிட்டனர். அங்குப் பொற்கரு இருந்தது, வெப்பத்திரள் உண்டாகவில்லை, தேய்வும் காணப்படவில்லை. எனவே தேய்வுக்குக் காரணம் மோதலிற் பிறந்த திரளே என்பது உறுதியாயிற்று. ஆய்வுக் குழுக்கள் நான்கும் தத்தம் முடிபுகளைத் தனித்தனியே ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டு ஏப்பிரலில், தாம் கண்டது உள்ளுராய்வு மிகக் குறைந்த திரவமென அறிவித்தன. திரளின் தொடக்க வெப்பநிலை ஏறத்தாழ 4 இலட்சம் கோடி பாகையென 2010இல் வெளியிடப்பட்டது. ஹாகெடோர்ண் வகுத்த எல்லை கடக்கப்பட்டமை இதனாற் புலனாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் சேர்ண் நிலையத்தின் 27 கிலோமீற்றர் வளையத்தில் மோதிய ஈயக் கருக்களும் இத்திரவ இயல்பையே காட்டின.

பிரபஞ்சம் தோன்றிய முதற் செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்குக் காலத்தில் எங்கும் நிறைந்திருந்த பொருளும் இத்தகையதே எனக் கருதப்படுகின்றது. முப்பதாண்டுகள் வாயுவைத் தேடியோர், திரவத்தைக் கண்டவிடத்துத் தம் எதிர்பார்ப்பைக் கைவிட்டு அளவையை ஏற்றனர். ஏற்பதற்கு முன் அதனை மாற்றுச் சோதனையால் உரைத்தும் பார்த்தனர். விஞ்ஞானம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றிற் கற்கத்தக்கது இம்முறையேயாம்.