மாடு ஜெயிச்ச கேஸ்

இங்கிலாந்தில் நியூபரி ஊருக்குப் பக்கத்துல கிரீனம் காமன். ஹெதர் செடியும் மஞ்சள் பூ பூக்கும் முட்புதருமா விரிஞ்சு கிடக்கிற வெளி. வழிகாட்டியோட நடந்தோம். புல் மூடிய ஆறு மேடுகளைக் காட்டினார். 1983-ல் அமெரிக்க அணு ஏவுகணைகள் வந்து இறங்கியது இங்கேதான்.

எதிர்த்தது பெண்கள். 1981-ல் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்து முகாம் போட்டாங்க. 1982 டிசம்பரில் சுமார் 30,000 பேர் கைகோத்துத் தளத்தையே சுத்தி நின்னாங்க. இதெல்லாம் படிச்சிருக்கேன். மாட்டுக் கதைதான் எனக்குப் புதுசு.

இது கிட்டத்தட்ட நம்ம மேய்க்கால் புறம்போக்கு மாதிரி. சுற்றுவட்டாரத்துக்காரங்களுக்கு ஆடுமாடு மேய்க்கும் உரிமை உண்டு. 1985-ல் அனுமதியில்லாம உள்ளே போனா குற்றம்னு பாதுகாப்பு அமைச்சர் விதி போட்டார். தண்டிக்கப்பட்ட ரெண்டு பெண்கள் விடலை. ராணுவ நிலத்துக்கு விதி போடலாம், ஆனா மேய்ச்சல் உரிமையைத் தொடக்கூடாதுன்னு 1892-ம் வருஷச் சட்டமே சொல்லுது! அன்னைக்கு உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை 1990-ல் அந்த விதி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. பெண்களுக்கு விடுதலை.

1991-ல் ஏவுகணைகள் போயாச்சு. ஓடுதளத்தைப் பெயர்த்தாங்க. 2000-ல் வெளியைப் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. மேடுகளைச் சுத்தி மட்டும் இன்னும் வேலி. நாங்க திரும்பும்போது வழியை மறிச்சு ஒரு பசு நின்னுச்சு. சுத்திக்கிட்டுதான் போனோம்.